அம்மாவுக்கு ரத்தம் கம்மி, டீயை நிறுத்தச் சொல்றாங்க. டீ காபியில அப்படி என்னதான் இருக்கு?

மஞ்சக்குப்பத்தான் (ஞாயிறு, காலை 7:40)

எல்லாருக்கும் வணக்கம், கடலூர்ல இருந்து எழுதறேன். அம்மாவுக்கு 48 வயசு. ரெண்டு மூணு மாசமாவே படி ஏறினா மூச்சு வாங்குது, ஒரு வாளி துணி துவைச்சா அப்படியே செவுத்துல சாஞ்சு உக்காந்துடறாங்க. சரின்னு டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் 8.6. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. ரெண்டு மாசம் விடாம போட்டு திரும்ப எடுத்தா 8.8. அவ்ளோதான் ஏறியிருக்கு.

மாத்திரை போடலயோன்னு கேக்காதீங்க, நானே பாக்கறேன். இட்லி சாப்ட்ட கையோட ஒரு டம்ளர் டீ, அந்த டீயிலயே மாத்திரையை முழுங்கிடுவாங்க. தைராய்டு மாத்திரையும் இருக்கு, அது காலைல எழுந்ததும் காபியோட. பெரியம்மா வந்து டீ காபியை ஒரேடியா நிறுத்துன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க, மாமா என்னடான்னா டீயில ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கு நல்லா குடின்றாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல எனக்குத்தான் மண்டை காயுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கீரைக்கட்டு (காலை 8:05)

நிறுத்திடுங்க ப்ரோ. டீ காபி எல்லாமே வெள்ளைக்காரன் பழக்கிவிட்ட விஷம். நம்ம தாத்தா பாட்டி நீராகாரம் குடிச்சு 90 வயசு வாழ்ந்தாங்க.

மாத்திரை_அக்கா (காலை 8:50)

தம்பி, நான் பாண்டி முதலியார்பேட்டையில மெடிக்கல்ல இருக்கேன், 14 வருஷமா மாத்திரை எடுத்துக் குடுக்கற வேலை. நீங்க எழுதினதைப் படிச்சதும் தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. அம்மா மேல கோவமில்ல, அதைச் சொல்லாம அனுப்பினவங்க மேல.

டீயில பாலிபீனால்னு ஒரு கூட்டம் இருக்கு, ஊர்ல டானின்னு சொல்லுவோம், வாயில துவர்க்குதுல்ல அதான். இது வயித்துக்குள்ள இரும்பைப் பாத்தா கட்டிப் பிடிச்சுக்கும், கரையாத ஒண்ணா ஆய்டும், குடல் அதை உள்ள இழுக்க முடியாது. மாத்திரை இரும்புக்கும் இதான் கதி, கீரை, கேழ்வரகு, பருப்புல இருக்கற இரும்புக்கும் இதான் கதி. கறி, மீன்ல இருக்கற இரும்பு வேற மாதிரி, அதுக்கு இந்தத் தொல்லை ரொம்ப கம்மி. காபியிலயும் பாலிபீனால் உண்டு, குளோரோஜெனிக் ஆசிட்டுன்னு பேரு, டீ அளவுக்கு பிடிக்காது ஆனா பிடிக்கும்.

தைராய்டு மாத்திரை வேற கதை. வெறும் வயித்துல வெறும் தண்ணியோட போடணும், அரை மணிநேரத்துல இருந்து ஒரு மணிநேரம் கழிச்சுதான் காபி. காபியோட போட்டா உடம்புல ஏறறது குறையும், அப்புறம் டெஸ்ட்ல டிஎஸ்ஹெச் (தைராய்டு பத்தலன்னா ஏறற அளவு) ஏறி நிக்கும், டோஸ் பத்தலைன்னு கூட்டிட்டே போவாங்க. ரெண்டுத்துக்கும் நடுவுல இன்னொண்ணு: இரும்பு மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் கூட நாலு மணிநேரமாவது தள்ளித்தான் இருக்கணும்.

ஆக டீயை நிறுத்த வேணாம், நகத்தி வைங்க. ஐசிஎம்ஆர்னு சொல்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட, ஹைதராபாத்துல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல விட்ட உணவு வழிகாட்டியிலயே சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் முன்னாடியும் பின்னாடியும் டீ காபி வேணாம்னு போட்டிருக்காங்க. இந்தியாவுல 15ல இருந்து 49 வயசுப் பொம்பளைங்கள்ல 100க்கு 57 பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 குடும்ப நல சர்வே சொல்லுது. வீட்டுக்கு வீடு சாப்ட்டதும் டீ குடிக்கற ஊர் நம்மளுது.

இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. 48 வயசுல 8.6ன்னா டீ மட்டும் காரணமா இருக்காது. மாதவிலக்கு அதிகமா போகுதா, வயித்துல புண்ணு, மூலம் ஏதாவது இருக்கான்னு பாத்தே ஆகணும். கூச்சப்பட்டு சொல்லாம இருப்பாங்க, நீங்க பையன் வேற. பொம்பள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

கீரைக்கட்டு (காலை 9:10)

அதான் நானும் சொன்னேன், விஷம்னு.

மாத்திரை_அக்கா (காலை 9:12)

நீங்க சொன்னது வேற, நான் சொன்னது வேற.

ரிடையர்டு_வாத்தியார் (காலை 10:30)

நெல்லிக்குப்பத்துல 31 வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தவன். இது புதுசா கண்டுபிடிச்ச சமாச்சாரம் இல்ல, நம்ம ஊர்ல மை காய்ச்சினது இப்படித்தான். கடுக்காயைத் தட்டி ஊறப்போட்டு அந்தத் தண்ணியில அன்னபேதியைப் போட்டா கன்னங்கரேல்னு மை வரும். கடுக்காய்ல டானின், அன்னபேதின்னா பெரஸ் சல்பேட். உங்க அம்மா மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க, பெரஸ் சல்பேட்டுன்னு போட்டிருந்தா அதே அன்னபேதிதான். நெல்லிக்காயை இரும்புக் கத்தியில வெட்டினா கத்தி கறுத்துப் போகுதே, வாழப்பூ ஆயும்போது விரல் கறுக்குதே, எல்லாம் டானின் குடும்பத்து வேலைதான்.

சந்தேகம் இருந்தா வீட்லயே செஞ்சு பாரு. பால் ஊத்தாத டீ அரை டம்ளர், ஒரு மாத்திரை. மேல் பூச்சு போக சுரண்டிட்டு நுணுக்கிப் போடு. குடிச்சுடாத.

மஞ்சக்குப்பத்தான் (மதியம் 12:15)

சார் செஞ்சேன். கவர்மென்ட்ல குடுக்கற சிவப்பு மாத்திரைதான் அம்மாவுக்கு, பெரஸ் சல்பேட்டுன்னுதான் போட்டிருக்கு. பூச்சை ஸ்பூனால சுரண்டி, அம்மிக்கல்லு குழவியில நுணுக்கி, வெள்ளைப் பீங்கான் கப்புல இருந்த வரட்டீயில போட்டேன். மொதல்ல ஒண்ணும் ஆகல, சாயம் கொஞ்சம் மங்கின மாதிரி இருந்துச்சு, கலக்கி விட்டு போன்ல ஒரு மெசேஜ் பாத்துட்டு நிமிர்ந்தா தேன் கலர்ல இருந்தது பேனா மை மாதிரி நிக்குது. கப்பு ஓரத்துல வயலட் கோடு, தேய்ச்சும் போகல. அம்மா எட்டிப் பாத்துட்டு "இதையா ரெண்டு மாசமா வயித்துல ஊத்தினேன்"னாங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் விளக்கவே வேண்டியில்லாம போச்சு.

ஒரு டவுட்டு. பால் ஊத்தினா டானின் அடங்கிடும்ல? அம்மா குடிக்கறது பால் டீதானே.

மாத்திரை_அக்கா (மதியம் 12:40)

பால்ல இருக்கற கேசின்னு புரதம் டானின்ல கொஞ்சத்தைப் பிடிச்சுக்கும், அதனாலதான் பால் டீ துவர்க்காது. ஆனா மொத்தத்தையும் பிடிக்காது, போதாக்குறைக்கு பால்ல இருக்கற கால்சியமே இரும்பை உள்ள விடாது. இரும்பு மாத்திரைக்கு எலுமிச்சை ஜூஸ்தான் கூட்டாளி, வைட்டமின் சி இருந்தா நல்லா ஏறும். நெல்லிக்காய், கொய்யா எதுவா இருந்தாலும் சரி. நெல்லிக்காய்லயும் டானின் உண்டேன்னு வாத்தியார் கேப்பாரு, அதுல சி அவ்ளோ இருக்கு சார், விட்ருங்க.

பாய்லர்_மாஸ்டர் (மாலை 3:20)

கடலூர் ஓட்டி (ஓல்டு டவுன்) பக்கம் 22 வருஷமா டீ போடறவன் பேசறேன். விஷம்னு சொன்ன தம்பி நம்ம கடைக்கு வரவேணாம் சந்தோஷம்.

நாங்க போடறது டஸ்ட் தூள். பச்சை டீ இலையும் இதே செடிதான், பறிச்ச உடனே சூடு காட்டிட்டா பச்சை, நசுக்கி காத்தாட விட்டா கறுப்பு. நீலகிரியில மருமகன் டீ பேக்டரியில இருக்கான், அவன் சொல்றான், உருளைக்குள்ள இலை நசுங்கி வரும்போது பச்சையா இருக்குமாம், ஒரு மணிநேரத்துல செப்பு கலர் ஆய்டுமாம், வாசனையே மாறிடுமாம். டீ சிவப்பா பளிச்சுனு வருதுல்ல, அது அந்த நேரத்துல உண்டாகறதுதான். தூள்ல சாயம் கலந்திருக்கான்னு பாக்கணும்னா வெள்ளை டிஷ்யூவை நனைச்சு அது மேல தூவுங்க. உடனே மஞ்சளா செவப்பா ஓடினா வாங்காதீங்க. நல்ல தூள் நேரம் எடுக்கும்.

ஒரு டிகாஷன் எத்தனை நேரம் துணியில கெடக்குதோ அவ்ளோ துவர்ப்பு ஏறும். ஸ்ட்ராங்கா போடுன்னு கேக்கறவங்களுக்கு சில கடையில பழைய டிகாஷனை சுண்டவச்சு ஊத்திடுவாங்க, அது ஸ்ட்ராங் இல்ல, கசப்பு.

ரிடையர்டு_வாத்தியார் (மாலை 4:00)

மாஸ்டர் சொன்னது நூத்துக்கு நூறு. பச்சை இலையில கேட்டகின்னு ஒண்ணு, காத்து பட்டு நொதியோட சேந்து தியாபிளேவின், தியாரூபிஜின்னு மாறுது. முதல்ல சொன்னது பளிச்சுனு ஆரஞ்சு கலந்த செவப்பு, ரெண்டாவது ஆழ்ந்த பழுப்பு. காபீன் மட்டும் அப்படியேதான் இருக்கும், சுடுதண்ணி பட்டதும் மொதல்ல இறங்கற ஆளும் அதான், டானின் மெதுவா வரும். அதனால ரொம்ப நேரம் ஊறவச்சா துவர்ப்புதான் கூடிட்டே போகும், தூக்கத்தைக் கலைக்கறது அதே கணக்குல கூடாது.

நைட்ஷிப்ட் (இரவு 9:50)

சிப்காட்ல நைட்டு பாக்கறேன். ரெண்டு மணிக்கு ஒரு டீ, நாலு மணிக்கு ஒரு காபி, காலைல வீட்டுக்கு வந்து படுத்தா கண்ணு மட்டும் மூடுது தூக்கம் வரமாட்டேங்குது, அப்புறம் மதியம் எழுந்து தலைவலியோட இன்னொரு காபி, இப்படியே மூணு வருஷம். இந்த காபீன் உள்ள போய் அப்படி என்னதான் பண்ணுது?

மாத்திரை_அக்கா (இரவு 10:20)

பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு பிடிப்போம்ல, அதேதான். நாம முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளையில அடினோசின்னு ஒண்ணு சேந்துட்டே வரும், அது போய் தன் சீட்டுல உக்காந்தா தூக்கம் சொக்கும். காபீன் பாக்கறதுக்கு அடினோசின் ஜாடை, முந்திப் போய் அந்த சீட்டுல துண்டு போட்டுடும். அடினோசின் எறங்கிப் போகல, நின்னுக்கிட்டே இருக்கு. துண்டை எடுத்ததும் எல்லாம் ஒரே நேரத்துல உக்காருது, அதான் அடிச்சுப் போட்ட மாதிரி ஆகறது.

அந்தத் துண்டு சீக்கிரம் போகாது. குடிச்சதுல பாதி வெளியேற சுமாரா 5 மணிநேரம். நாலு மணிக்கு குடிச்சது ஒம்போது மணிக்கும் பாதி உள்ள நிக்குது. சிகரெட் பிடிக்கறவங்களுக்கு வேகமா போகும், கர்ப்பமா இருந்தா ரொம்ப மெதுவா, அவங்களுக்கு ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள்ளன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ல சொன்னாங்க, மத்த பெரியவங்களுக்கு 400. நம்ம ஐசிஎம்ஆர் 300ன்னு இன்னும் கம்மியா வச்சிருக்கு. 150 மில்லி பில்டர் காபியில 80-120, இன்ஸ்டன்ட்ல 50-65, டீயில 30-65ன்னு அதுலயே கணக்கு இருக்கு.

ஷிப்ட்டுல மொத டீயை பத்து பதினொரு மணிக்கே குடிங்க, ரெண்டு மணியோட மூட்டை கட்டுங்க.

வறுத்து_அரைச்சவன் (இரவு 11:05)

திருப்பாப்புலியூர்ல காபித்தூள் கடை. அக்கா சொன்ன கணக்கு தூளைப் பொறுத்து மாறும். ரோபஸ்டாவுல காபீன் அரபிகாவை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. சிக்கரியில காபீனே கிடையாது, அது ஒரு செடியோட வேரு, வறுத்து அரைக்கறது. காபி-சிக்கரி கலவைன்னு விக்கணும்னா 51 பங்காவது காபி இருக்கணும்னு சட்டம், பாக்கெட்டுல போட்டிருக்கும், படிங்க. என் கடைக்கு வர்றவங்க பாதிப் பேரு "நல்லா கெட்டியா கருப்பா எறங்கணும்"பாங்க, அந்த கெட்டியும் கருப்பும் சிக்கரியோடது. நாக்குக்கு ஸ்ட்ராங்கு, மூளைக்கு லைட்டு. பிரான்ஸ்ல நெப்போலியன் காலத்துல காபிக்கொட்டை வராம தட்டுப்பாடாகி சிக்கரி பரவிச்சுன்னு படிச்சிருக்கேன். அதைச் சொன்னா பாண்டிக்காரங்க நம்ம ஊர் சமாச்சாரம்னு ரெண்டு டபரா கூட குடிப்பாங்க.

கொலஸ்ட்ரால் இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. காபிக்கொட்டையில எண்ணெய் உண்டு, அதுல கபெஸ்டால்னு ஒண்ணு கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்தும். நார்வேல ட்ரோம்சோன்ற ஊர்ல பண்ணி 1983ல வெளிவந்த ஆய்வுல காபி ஜாஸ்தி குடிக்கறவங்களுக்கு கொலஸ்ட்ரால் ஜாஸ்தின்னு வந்துச்சு, அவங்க தூளைப் போட்டு கொதிக்க வச்சு குடிக்கற ஆளுங்க. பேப்பர் பில்டர் அந்த எண்ணெயைப் பிடிச்சுக்கும். நம்ம பித்தளை, எவர்சில்வர் பில்டர்ல பேப்பர் இல்ல. அதனால கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை போடறவங்க அளவா வச்சுக்கங்க. எனக்கு வியாபாரம்தான், ஆனாலும் சொல்றேன்.

கீரைக்கட்டு (திங்கள், காலை 6:30)

காபி கேன்சர் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனமே சொன்னதா வாட்ஸ்அப்ல வந்துச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க?

மாத்திரை_அக்கா (காலை 7:15)

பழைய செய்தி. 1991ல மூத்திரப்பை கேன்சர் சந்தேகத்துல வச்சிருந்தாங்க, 2016ல திரும்பப் பாத்துட்டு அதுல இருந்து எடுத்துட்டாங்க. அதே கூட்டத்துல சந்தேகத்துல வச்சது என்ன தெரியுமா, சூடு. 65 டிகிரிக்கு மேல கொதிக்கக் கொதிக்க குடிச்சா உணவுக்குழாய் கேன்சருக்கு வாய்ப்பு இருக்குன்னு. டீயோ காபியோ வெந்நீரோ எதுவா இருந்தாலும்.

பாய்லர்_மாஸ்டர் (காலை 10:40)

அதுக்குத்தானே நாங்க ஆத்திக் குடுக்கறது! சும்மா ஸ்டைலுக்கு இல்லப்பா. இப்ப எல்லாரும் பார்சல், பிளாஸ்டிக் கவர்ல கொதிக்கக் கொதிக்க கட்டச் சொல்றாங்க, பாத்திரம் எடுத்துட்டு வாங்கன்னா மொறைக்கறாங்க.

குயிலாப்பாளையம்_கோகோ (காலை 11:30)

நானும் உள்ள வரேன். ஆரோவில் பக்கம் சாக்லேட் பண்ற எடத்துல வேலை. பொள்ளாச்சியில தென்னைக்கு நடுவுல கோகோ போடறாங்க, அங்கேர்ந்து கொட்டை வரும். பழத்தை உடைச்சா வெள்ளையா சீத்தாப்பழம் மாதிரி சதை, உள்ள கொட்டை ஊதா கலர். புளிக்க வைக்காத கொட்டையை ஒருதடவை கடிச்சேன், நாக்கு மரத்துப் போச்சு, அவ்ளோ துவர்ப்பு. அந்தத் துவர்ப்புதான் பிளவனால், ரத்தக்குழாய்க்கு நல்லதுன்னு பேசறாங்களே அது. கொட்டையை அஞ்சாறு நாள் பெட்டியில புளிக்க வைப்போம், காயவச்சு வறுப்போம், ஒவ்வொரு படியிலயும் பிளவனால் குறைஞ்சுக்கிட்டே வரும், ருசி ஏறிக்கிட்டே வரும். ரெண்டும் சேந்து கிடைக்காது. கடையில கருகருன்னு கோகோ பவுடர் விக்குது பாருங்க, அது பெரும்பாலும் காரம் (உறைப்பு இல்ல, ஆல்கலி) போட்டு பதப்படுத்தினது, அதுல இன்னும் போய்டும்.

அமெரிக்காவுல 21,442 வயசானவங்களை வச்சு ஒரு பெரிய ஆய்வு, காஸ்மாஸ்னு பேரு, தினம் 500 மில்லிகிராம் கோகோ பிளவனால் மாத்திரையா குடுத்தாங்க. 2022ல முடிவு வந்துச்சு. மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேத்த மொத்தக் கணக்குல உறுதியா குறைஞ்சதுன்னு சொல்ல முடியல, இதய நோயால சாவு மட்டும் தனியா பாத்தா குறைஞ்சிருந்துச்சு. அதுவும் மாத்திரை, சாக்லேட் இல்ல. டூரிஸ்ட் வந்து "இது ஹார்ட்டுக்கு நல்லதாமே"ன்னு கேட்டா நான் ருசிக்கு சாப்பிடுங்கன்னுதான் சொல்வேன், மொதலாளி மொறைப்பாரு.

வீட்ல நாய் இருந்தா சாக்லேட்டை எட்டாத எடத்துல வைங்க. கோகோல தியோபுரோமின் இருக்கு, நமக்கு சீக்கிரம் கரைஞ்சிடும், நாய்க்கு கரையாது, கறுப்பு சாக்லேட் ரொம்ப மோசம்.

லாஸ்பேட்டை_மருமக (மாலை 5:10)

எனக்கு ஒருத்தங்க க்ரீன் டீ மாத்திரை சாப்ட்டா எடை குறையும்னு விக்கறாங்க, வாங்கலாமா? டீ தானே, ஒண்ணும் பண்ணாதுல்ல?

மாத்திரை_அக்கா (மாலை 5:30)

வேணாம்மா. டம்ளர்ல குடிக்கற க்ரீன் டீ வேற, சாறை வத்தவச்சு மாத்திரையில அடைச்சது வேற. அதுல இருக்கற கேட்டகின்ல ஒண்ணு, ஈஜிசிஜி, மாத்திரையா ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் போனா கல்லீரல் என்சைம் (கல்லீரல் அடிபடறதோட அடையாளம்) ஏறுதுன்னு 2018ல ஐரோப்பாவுல எச்சரிச்சாங்க. ஆன்டிஆக்ஸிடன்ட்னு பேரு கேட்டதும் நிறைய சாப்ட்டா நிறைய நல்லதுன்னு நினைக்கறோம்.

மஞ்சக்குப்பத்தான் (வியாழன், இரவு 8:00)

அம்மா அந்த மை டீயைப் பாத்த பயத்துல எல்லாத்தையும் ஒரே நாள்ல நிறுத்திட்டாங்க. செவ்வாய்க்கிழமை மதியத்துல இருந்து தலை பொளக்குதுன்னு படுத்த படுக்கை, தைலம் தடவிட்டு யார்கிட்டயும் பேசல. பெரியம்மா போன் பண்ணி "பாத்தியா உடம்புல இருந்த விஷம் வெளிய போகுது"ன்றாங்க.

மாத்திரை_அக்கா (இரவு 8:25)

விஷமும் இல்ல ஒண்ணும் இல்ல, காபீன் பழகின மூளை திடீர்னு வரலன்னதும் ரத்தக்குழாய் விரியுது, அதான் வலி. ஒண்ணு ரெண்டு நாள்ல உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்துல அடங்கும். ஆனா ஏன் அவங்களைப் படுத்தணும்? காலைல எழுந்ததும் தைராய்டு மாத்திரை தண்ணியில, ஒரு மணிநேரம் கழிச்சு காபி. டிபன் அதுக்கப்புறம் ஒரு மணிநேரம் தள்ளி. மதியம் சாப்பாட்டுக்கு முன்னாடி எலுமிச்சை ஜூஸ்ல இரும்பு. நாலரைக்கு டீ. இரும்பு மாத்திரை வயித்தைப் பிரட்டினா சாப்ட்டதும் போடட்டும். மலம் கறுப்பா போகும், பயப்பட வேணாம். டாக்டர்கிட்ட போனீங்களா, அதைச் சொல்லுங்க மொதல்ல.

மஞ்சக்குப்பத்தான் (மூணு மாசம் கழிச்சு)

பழைய இழையைத் தேடிப் பிடிச்சு எழுதறேன். அக்கா சொன்ன மாதிரி பொம்பள டாக்டர்கிட்ட காட்டினோம், ஸ்கேன்ல கர்ப்பப்பையில கட்டி, ஒரு வருஷமா மாசா மாசம் ரொம்ப போயிருக்கு, வீட்ல யார்கிட்டயும் சொல்லல. அதுக்கு இப்ப மருந்து ஓடுது. ஹீமோகுளோபின் 11.1 வந்திருக்கு. தைராய்டு டோசையும் கொஞ்சம் குறைச்சிருக்காங்க. எது எவ்ளோ வேலை செஞ்சுதுன்னு பிரிச்சு சொல்ல முடியாது, ரெண்டும் சேந்துதான்.

அம்மா இப்ப செவுத்துக் கடிகாரத்தைப் பாத்துட்டுத்தான் டம்ளரையே எடுக்கறாங்க. அந்த கறை பட்ட கப்பை கழுவி அடுப்பு மேல ஷெல்ப்புல வச்சிருக்காங்க, சாப்ட்ட உடனே டீ கேக்கற விருந்தாளிக்கு எடுத்துக் காட்டறதுக்கு.

பாய்லர்_மாஸ்டர் (அன்னிக்கே மாலை)

தம்பி, ஓட்டியில தங்கச்சி வீட்டுக்கு வரும்போதெல்லாம் தூக்குவாளி எடுத்துட்டு வந்து, நாலரை ஆச்சான்னு என் போனை வாங்கிப் பாத்துட்டு அப்புறம் டீ போடச் சொல்ற ஒரு அம்மா இருக்காங்க. பச்சைக் கரை வாளி. அவங்களா?

மஞ்சக்குப்பத்தான் (இரவு 9:15)

அவங்களேதாண்ணே. சக்கரை கம்மியா போடுங்க.